இவி-ல (எலக்ட்ரிக் வண்டில) புதுசா எதையாவது மாத்தும்போது குவாலிட்டி கெடாம பாத்துக்கறது எப்படி?

புது பேட்டரி பேக் வருதுன்னா அதே நேரத்துல மோட்டார், கன்ட்ரோலர்னு எல்லாத்தையும் மாத்தாதீங்க, அப்புறம் எது சொதப்புச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது. டிசைன் லாக் பண்றதுக்கு முன்னாடியே எஃப்எம்இஏ (எது எப்படி பழுதாகலாம், ஆனா என்ன ஆகும்னு முன்கூட்டியே அலசுற பட்டியல்) போடுங்க, ஆடிட்டுக்காக கடைசில நிரப்புற பேப்பர்னா பிரயோஜனமே இல்ல.

நிஜமான தலைவலி வெல்டிங்லதான். செல்லையும் பஸ்பாரையும் (செல்களுக்கு நடுவுல கரண்ட் கொண்டு போற உலோகப் பட்டை) சேக்குற லேசர் வெல்ட் வெளிய பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா சில சமயம் உள்ள சரியா புடிச்சிருக்காது, ரெசிஸ்டன்ஸ் ஏறி அந்த இடம் சூடாகும், அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் லைன்லயே அளந்து பேக் சீரியல் நம்பரோட சேத்து வைங்க, கூடவே அப்பப்போ சாம்பிள் எடுத்து வெட்டியும் பாருங்க. நாளைக்கு ஒரு லாட் செல்லுல பிரச்சனைன்னா எந்தெந்த வண்டின்னு உடனே தெரியணும்ல.

லீக் டெஸ்ட், இன்சுலேஷன் டெஸ்ட் ரெண்டும் எல்லா பேக்குக்கும் வேணும். ஐபி67னு (தூசி, தண்ணி உள்ள போகாததுக்கான தரக்குறியீடு) சொன்னா 1 மீட்டர் தண்ணில 30 நிமிஷம் தாங்கணும், லைன்ல ஒவ்வொண்ணா முக்கிட்டு இருக்க முடியுமா, காத்தழுத்தம் குடுத்து செக் பண்ணுங்க.

பிஎம்எஸ் (பேட்டரிய கண்காணிச்சு கட்டுப்படுத்துற சிஸ்டம்) சாஃப்ட்வேர்ல ஒரு லிமிட்ட மாத்தினாலும் முழு டெஸ்ட்டையும் திரும்ப ஓட்டுங்க. சில சப்ளையர்ங்க சொல்லாம கொள்ளாம பசையக்கூட மாத்திடுவாங்க, அதுக்கும் உங்க அப்ரூவல் வேணும்னு காண்ட்ராக்ட்லயே எழுதிடுங்க.