கீழே விழுந்த வல்லூற்றுக் குஞ்சு: வளர்க்கப் போய்ச் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில் உள்ள முதலமடையில் மாங்காய் பறிக்கிற மாதங்களில்தான் வல்லூறும் குஞ்சு பொரிக்கிறது. கொக்கி போட்டுக் கிளையை இழுக்கும்போது கூடு சரிந்து குஞ்சு கீழே வந்துவிடும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பட்டுப்போன பனையை வெட்டினால் பொந்துக்குள் புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் இருக்கும். பார்த்தவர்கள் மனசு கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். சில வீடுகளில் இரக்கத்தோடு ஆசையும் சேர்ந்துகொள்கிறது. துபாயில் இருக்கும் மாமா அனுப்பிய வீடியோவில் கையுறை மேல் பைரி என்ற வேட்டைப் பறவை உட்கார்ந்திருக்கிறதே, இதையும் அப்படிப் பழக்கினால் என்ன?

பழக்கக் கூடாது. வளைகுடாவில் பறக்கவிடுபவை பெரும்பாலும் பண்ணையில் பொரித்த பறவைகள். எல்லை தாண்ட அவற்றுக்குப் பாஸ்போர்ட் உண்டு. அபுதாபியில் 1999 முதல் பைரிகளுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. வேட்டைப் பறவை பழக்கும் கலையை யுனெஸ்கோ 2010-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2021-இல் அதில் 24 நாடுகள் இருந்தன, இந்தியா இல்லை. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறு, பருந்து, பைரி எதையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆனாலும் அந்தக் கலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த குஞ்சு வளர்ப்பு அறிவு நமக்கு வேண்டும். விழுந்த குஞ்சை உயிரோடு மரத்துக்குத் திருப்பி அனுப்ப அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அதிகம் நடக்கிற தவறு, எடுக்க வேண்டாத குஞ்சை எடுப்பது. இறகு முளைத்து, கிளையில் தத்தித் தத்தி உட்காருகிற குஞ்சு அநாதை இல்லை. பறக்கப் பழகும் வயதில் அது கீழே இறங்கும், தாய் வந்து இரை கொடுக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகிப் போனால் போதும். வெள்ளைப் பஞ்சு போல இருக்கும் சின்னக் குஞ்சு என்றால், அடியில் ஓட்டை போட்ட கூடையில் சருகு பரப்பி அதே மரத்தில் கட்டலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

சரி, காயம் பட்டிருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றால்? முதலில் சூடு, பிறகுதான் தீனி. குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்குக் கறி ஊட்டினால் செரிக்காமல் தீனிப்பையிலேயே புளித்துவிடும். ஆந்தைக்குத் தீனிப்பையே கிடையாது, நேராக வயிற்றுக்குப் போய்விடும் என்பதால் வல்லூற்றைப் போல ஒரே வேளையில் அதற்கு நிறையத் திணிக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கு முடியும் இடத்திலேயே இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். கறித்துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் போதும். பாலும் சோறும் கண்டிப்பாகக் கூடாது.

கறிக்கடையில் எலும்பில்லாத கறியாக வாங்கி ஊட்டுபவர்கள் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இப்படியே ஊட்டினால் கொஞ்ச நாளில் கால் எலும்பு வளையும், இறக்கை எலும்பு சும்மாவே முறியும். கூட்டில் தாய் கொடுப்பது முழு ஓணான், முழுக் குருவி. எலும்பு, ஈரல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அதற்கு ஈடாகப் பண்ணைக் காடையை எலும்போடு பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். குஞ்சுப் பொரிப்பகத்தில் கழிக்கும் ஒரு நாள் சேவல் குஞ்சும் சரிதான். ரொம்பச் சின்னக் குஞ்சுக்குக் கொடுக்கும் தீனியில் ரோமத்தையும் இறகையும் நீக்கிவிடுங்கள். செரிக்காத அவற்றை உருண்டையாகக் கக்கி வெளியேற்றும் பழக்கம் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வரும். தோட்டத்தில் செத்துக் கிடந்த எலியை எடுத்துக் கொடுக்காதீர்கள், எலி மருந்து குஞ்சையும் கொல்லும். புறாக்கறியும் வேண்டாம். அதிலிருந்து தொற்றும் ஒரு நோயில் குஞ்சின் வாய்க்குள் மஞ்சள் திட்டு படிந்து விழுங்க முடியாமல் போகும்.

தீனியை ஒழுங்காகக் கொடுத்தும் பறவையைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. மடியில் வைத்துப் பேசிப் பேசி ஊட்டுவதுதான் அது. எனக்கு மிகவும் வலிக்கிற தவறும் இதுதான், ஏனென்றால் அன்பினால் நடக்கிறது. கண் திறந்த முதல் சில வாரங்களில் யார் ஊட்டுகிறார்களோ அவர்களைத்தான் அது தன் இனமாக மனசில் பதித்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு நாள் முழுக்க இரை கேட்டுக் கத்தும், வீட்டுக் குழந்தையின் முகத்தில் நகத்தைப் போடும், வெளியே விட்டால் வழியில் போகிறவர் தோளில் போய் உட்காரும். அவர் பயந்து கம்பை எடுப்பார். வேட்டைப் பறவை பழக்குவதில் தேர்ந்தவர்களே இதற்கு அஞ்சி, இறகு முளைக்கும் வரை குஞ்சைத் தாயிடமே விடுவார்கள், இல்லாவிட்டால் மற்றக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்ப்பார்கள். நாம் செய்யக்கூடியது: முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, பேசாமல், இடுக்கியால் ஊட்டுவது. செல்பி எடுக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடவே வேண்டாம்.

இறகு முளைக்கும் நாட்களில் ஒரு வேளை பட்டினி போட்டாலும் அது இறகில் பதிந்துவிடும். இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேடால் கீறியது போலக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். பிறகு வேகமாகத் திரும்பும்போது அந்த இடத்தில்தான் இறகு ஒடியும். கம்பிக் கூண்டும் இறகுக்கு எமன். காற்றோட்டமான அட்டைப்பெட்டி நல்லது. உள்ளே செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கிச் சப்பையாக விரிந்துவிடும், பழைய துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி நடுவில் உட்கார வையுங்கள். காலில் நூல் கட்டாதீர்கள்.

பறக்கும் வயது வந்ததும் மொட்டை மாடியிலிருந்து விட்டுவிடுவது கடைசித் தவறு. வேட்டையாடத் தெரியாத பறவை பசியிலேயே சாகும். அமெரிக்காவில் டிடிடி பூச்சிமருந்தால் பைரிகள் அழிந்தபோது, டாம் கேட் என்ற பறவையியலாளரும் வேட்டைப் பறவை வளர்ப்பவர்களும் சேர்ந்து, கூண்டில் பொரித்த குஞ்சுகளைப் பாறை உச்சிப் பெட்டிகளில் வைத்தார்கள். ஆளைக் காட்டாமல் குழாய் வழியே இரை போட்டார்கள். கதவைத் திறந்துவிட்ட பிறகும், தானாக வேட்டையாடும் வரை தீனி வைத்தார்கள். இப்படி 4,000-க்கும் மேற்பட்ட பைரிகள் வானத்துக்குப் போயின. 1999-இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து பைரியை எடுத்தார்கள். இது மொட்டை மாடியில் நடக்கிற வேலை இல்லை, வனத்துறையும் அனுபவமுள்ள மையமும் செய்ய வேண்டியது.

அதனால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீசுக்கோ தெரிவியுங்கள், சட்டமும் அதையே சொல்கிறது. நம் பக்கத்தில் கூடுதலாக ஒரு சிக்கல்: பொள்ளாச்சியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று பைக்கில் வைத்துச் செக்போஸ்ட் தாண்டிவிடுவார்கள். குஞ்சு கேரளப் பக்கம் கிடைத்தால் கேரள வனத்துறையிடமே கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் மாநிலம் மாற்றினால் வழக்காகும், கூட்டுக்குத் திரும்பும் வாய்ப்பும் போய்விடும். கொடுக்கும்போது எந்தத் தோப்பு, எந்த மரத்தடி, என்றைக்குக் கிடைத்தது, இதுவரை என்ன ஊட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.