விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போடுவது

லினக்ஸ் வகைகளில் மின்ட்டா, உபுண்டுவா, ஃபெடோராவா என்ற பட்டிமன்றத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் 8 ஜிபி பென் டிரைவில் ஐஎஸ்ஓவை (லினக்ஸ் நிறுவல் கோப்பு) எழுதி, நிறுவாமலே லைவாக, அதாவது பென் டிரைவிலிருந்தே, ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? இதில் தேறுவதுதான் உங்களுக்கான லினக்ஸ்.

சிக்கல் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான். கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு (கணினி தொடங்கும் முறை) மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயம் அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் கிடக்கும். அந்த டிரைவை லினக்ஸ் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபி காலியாக விடுங்கள். அங்கே பார்ட்டிஷன் (டிஸ்க் பகுதி) எதுவும் போட வேண்டாம், லினக்ஸின் நிறுவல் நிரல் பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் ஏறியபின் விண்டோஸ் கடிகாரம் தப்பாகக் காட்டலாம். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) படிக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற டெர்மினலில் ஒரே வரி போதும்.