நன்றாக நடமாடும் பெற்றோர் திரும்பத் திரும்ப விழுந்தால்

"கால் இடறிடுச்சு, வேற ஒண்ணுமில்ல." விழுந்தவரைக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். ஒரு தடவை என்றால் அதோடு விடலாம். ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையும் விழுந்துவிட்டால் தரையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, உடம்பிலும் காரணம் தேட வேண்டும். தினமும் வாக்கிங் போகிற, மாடி ஏறி இறங்குகிற பெற்றோர் விஷயத்தில் இந்தத் தேடல் தாமதமாகத்தான் தொடங்குகிறது. "அவருக்கென்ன, நல்லாத்தானே இருக்கார்!" இன்னொரு பக்கம், பயந்துபோய் "இனிமே வெளியில போகாதீங்க" என்று உட்கார வைத்துவிடுபவர்களும் உண்டு. அது அதைவிட மோசம். நடமாட்டம் குறைந்தால் சில வாரங்களிலேயே தொடைத் தசை இளைத்துவிடும், அடுத்த முறை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்கக் காலில் வலு இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது

"ஏன் விழுந்தீங்க?" என்பது விசாரணை போல இருக்கும், பாதியை மறைத்துவிடுவார்கள். "விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து எழுந்த உடனேயா, சட்டென்று திரும்பும்போதா, அண்ணாந்து பார்த்தபோதா, கையில் எதையாவது தூக்கிக்கொண்டு போனபோதா? எந்தப் பக்கம் சாய்ந்தார், எத்தனை மணி, சாப்பிட்டு எவ்வளவு நேரம், கடைசியாக எந்த மாத்திரை போட்டார், காலில் என்ன செருப்பு, கண்ணாடி போட்டிருந்தாரா? ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். விழாமல் சுவரைப் பிடித்துத் தப்பித்த நாட்களையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று நான்கு பதிவுகளிலேயே பலருக்கு ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும்.

காயம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உள்ளங்கையும் முழங்காலும் சிராய்த்திருந்தால், விழுவது தெரிந்து கையை ஊன்றியிருக்கிறார். முகத்தில் அடி, உள்ளங்கையில் கீறல்கூட இல்லை என்றால், தரையைத் தொடும் முன்பே நினைவு தப்பியிருக்கலாம். "கீழ கிடந்தது ஞாபகம் இருக்கு, விழுந்தது ஞாபகம் இல்ல" என்று சொன்னாலும் அப்படியே. அங்கே குளியலறையில் கம்பி மாட்டுவது தீர்வல்ல. ஈசிஜி எடுத்து இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

அடிக்கடி பின்பக்கமாகச் சாய்வது, எடுத்து வைக்கும் அடி சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது ஆகியவை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். படுக்கையில் புரளும்போது அறையே சுற்றி ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் சிகிச்சையிலேயே அது சரியாகிவிடுவது வழக்கம். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நின்றபடி பிரஷர் பார்த்தீர்களா?

வீட்டிலும் கிளினிக்கிலும் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்ப்பார்கள். எழுந்ததும் பிரஷர் இறங்குகிறவருக்கு அதில் எண் சரியாகவே வரும், கோளாறு பிடிபடாது. இப்படிப் பாருங்கள்:

1. 5 நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள்.
2. எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள்.
3. நிற்கும்போது பட்டை கட்டிய கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள். கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் ஒரு நாள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு நாள் என்று பாருங்கள். வயதானவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட பிறகுதான் இறங்கும்.

அடுத்தது மாத்திரைகள். கடையில் தாமாக வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள், பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மருந்துகள் எல்லாமே விழவைக்கக்கூடியவை. இரண்டு மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்தது ஒன்று சேரும்போதுதான் பிரச்சினை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது தனி ஆபத்து. வைட்டமின் பி12, டி அளவுகள், சர்க்கரை, பாதத்தில் தொடுஉணர்வு, எலும்பு அடர்த்தி இவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

காலின் வலுவை அளக்க ஒரு நாற்காலி

கைப்பிடி இல்லாத, 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதில் பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. 80 முதல் 84 வயதில் 9, 10. இதற்குக் கீழே போனால் விழும் அபாயம் அதிகம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம்தான். இன்னொன்று: ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் 10 விநாடி நிற்க முடிய வேண்டும்.

தினமும் 5 கி.மீ. நடப்பவர்கூட இதில் தோற்பது உண்டு. நேராக நடப்பது பக்கவாட்டில் தடுமாறும்போது தாங்கப் பழக்குவதில்லை. பயிற்சி வேறு: கையெட்டும் தூரத்தில் சமையலறை மேடை போல உறுதியான ஒன்று இருக்கும்படி ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து 10 முறை எழுவது. வாரத்துக்கு மொத்தம் 3 மணி நேரம் தேவை, பிரித்துச் செய்யலாம். சுலபமாகிவிட்டால் பிடியை இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு, பிறகு விரல் நுனிக்குக் குறைக்க வேண்டும். கொஞ்சமும் ஆட்டம் காணாத பயிற்சியால் சமநிலை வளராது. மேடையில் தொங்கிக்கொண்டு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு.

கண்ணாடியும் கம்பியும்

படிக்கவும் தூரத்தில் பார்க்கவும் ஒரே கண்ணாடியாக இருந்தால், கீழே பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகத்தான் பார்வை போகும். படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். வெளியே அதிகம் சுற்றுகிறவருக்கு நடக்கவும் படி இறங்கவும் தூரத்தில் பார்க்க மட்டுமான ஒரு தனிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

குளியலறையில் துண்டு மாட்டும் கம்பியை நம்பாதீர்கள், உடல் எடையில் பிடுங்கிக்கொண்டு வரும். காற்றழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வகையும் வேண்டாம். பிடித்துக்கொள்வதற்கென்றே உள்ள கம்பி வேண்டும்: 32 முதல் 38 மி.மீ. தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் சுமார் 4 செ.மீ. இடைவெளி, சுவருக்குள் ஆழமாக இறங்கிய திருகாணி. இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே மாட்டி முறியும். எந்த உயரத்தில் என்பதை அவரையே நிற்க வைத்து, கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துக் குறியுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. வழுக்காத அடிப்பாகமும் பின்புறம் மூடிய குதிகாலும் உள்ள காலணி. வழவழப்பான தரையில் வெறும் சாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

விழுந்த அந்த நேரத்தில்

ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பில் கடும் வலி இருந்தாலோ அசைக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனை. மற்றவர்களுக்கும் மண்டைக்குள் ரத்தக்கசிவு சில வாரம் கழித்துக்கூடத் தெரியலாம். தலைவலி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் வருகிறதா என்று கவனியுங்கள்.

அடி இல்லை என்றால் அவரே எழ வேண்டும், அதை முன்கூட்டியே மெத்தையின் மேல் பழக்குங்கள். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து நாற்காலி வரை போக வேண்டும். இரு கையும் இருக்கையில். வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். எழ முடியாத நாளும் வரும் என்பதால் போனை மேஜையில் வைக்காமல் உடம்போடு வைத்திருக்கச் சொல்லுங்கள், குளியலறைக்குள் போகும்போதும்.