காலையில் நடந்தால் நாள் முழுக்க உட்காரலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஒரு மணி நேரம் வேகநடை. அதன்பிறகு அலுவலக நாற்காலி, மாலையில் கார், இரவில் சோபா. "அதுதான் காலையிலேயே நடந்துவிட்டேனே" என்று கணக்கை அங்கேயே முடித்துக்கொள்பவர்கள் ஏராளம். மூளை அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.

லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 அலுவலக ஊழியர்களை நான்கு மணி நேரம் உட்காரவைத்து, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. எழாமலே இருந்த நாளில் ஓட்டம் குறைந்தது. அரை மணிக்கொருமுறை இரண்டு நிமிடம் நடந்த நாளில் குறையவில்லை. இரண்டு மணிக்கொருமுறை எட்டு நிமிடம் நடந்தபோதோ அவ்வளவு தெளிவான பலன் இல்லை. பதினைந்தே பேர் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தண்ணீர் பாட்டிலை மேசையில் நிரப்பி வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு டம்ளருக்கும் எழுந்து போவதில் நமக்கு என்ன நஷ்டம்?

இதைக் கேட்டுவிட்டு நடைப்பயிற்சியையே விட்டுவிடுவது அடுத்த தவறு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு, மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி ஏறக்குறைய 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

எல்லா உட்காருதலும் ஒன்றுதான் என்று நினைப்பதும் சரியல்ல. பிரிட்டனில் அறுபது வயதைக் கடந்த ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களின் தரவுகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், அதிகம் தொலைக்காட்சி பார்த்தவர்களிடம் டிமென்ஷியா எனும் மறதிநோய் கூடுதலாகவும், ஓய்வு நேரத்தில் கணினியைப் பயன்படுத்தியவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. உடற்பயிற்சி செய்தவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. எது காரணம், எது விளைவு என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

என் பார்வையில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, பாசத்தால் செய்வது. "நீங்கள் சும்மா உட்காருங்கள் அம்மா" என்று சொல்லி, காய் நறுக்குவது முதல் கொடியில் துணி காயப்போடுவது வரை பிடுங்கிக்கொண்டு, கையில் ரிமோட்டைக் கொடுத்துவிடுகிறோம். விழுந்துவிடுவாரே என்ற பயம் நியாயமானதே. அதற்குக் குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள், மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். துணிக்கொடியை மட்டும் அவருக்கு எட்டும் உயரத்தில் தாழ்த்திக் கட்டிவிடுங்கள்.