கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

ஒருவர் மறைந்த மறுநாளே நம் ஊர்களில் பிளக்ஸ் எழுந்துவிடுகிறது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும், ஒரு புகைப்படமும், கண்ணீருடன் வாடும் உறவினர்களின் பெயர்களும் அதில் இருக்கும். பாம்பனில் என் அத்தை மறைந்தபோது வைத்த பிளக்ஸிலும் அவ்வளவே இருந்தது. நாற்பது ஆண்டுக்காலம் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுத்தவர், மாலை நேரங்களில் பனையோலைக் கொட்டான் முடைந்தவர், பிள்ளைகளை உறங்க வைக்கத் தாமே பாட்டுக் கட்டியவர் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்த மனக்குறையில்தான், முதலாண்டு நினைவு நாளுக்குள் அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதிக் குடும்பத்தாருக்குக் கொடுத்தோம். நாங்கள் தவறிய இடங்களையும் சேர்த்து, அதைச் செய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் கரையில் இருந்த தாயைத்தான் தெரியும். கடலில் இருந்தவரை அறிந்தவர்கள் அவரோடு ஒரே வத்தையில், அதாவது நாட்டுப் படகில், ஏறிப் போன பெண்கள். துக்கம் கேட்க வந்த அவர்கள் முப்பதாம் நாள் வரைக்கும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், அதன்பிறகு அவரவர் பிழைப்பு அவரவரை இழுத்துவிடும். ஆகையால் அந்த நாட்களுக்குள் போய் உட்காருங்கள். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்லவர், தைரியமானவர்” என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒரு பத்தியும் எழுத முடியாது. “காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? தென்கடலா, வடகடலா? முதலில் யார் தண்ணீரில் இறங்குவார்? நீர் கலங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். என் அத்தை எல்லாருக்கும் முன்பாக இறங்கி, ஒரு முறை மூழ்கி எழுந்து, பாறை தெரிகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள் என்பது இப்படிக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அவருடைய துணிச்சலைச் சொல்ல எங்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யும்போது கடற்கரையில் உட்காராதீர்கள். அத்தையின் மூத்த தோழி ஒருவரை, சூழல் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணிக் கரையிலேயே இரண்டு மணி நேரம் பேச வைத்தோம். வீட்டில் வந்து கேட்டபோது கச்சான் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மறுபடியும் போவதற்குள் அவரும் மறைந்துவிட்டார். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் வைத்து, இரண்டு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். அன்றிரவே வேறோர் இடத்திலும் ஒரு படி எடுத்து வையுங்கள்.

ஆண்டுகளைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை. ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி பல வீடுகளில் குத்துமதிப்பாகச் சொன்னதுதான்; கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம். மற்றபடி ஊரே மறக்காத நாட்களை வைத்துக் கேளுங்கள்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலின்போது நடக்கும் வயதா, பாம்பன் சாலைப் பாலம் திறந்த 1988இல் எத்தனை பிள்ளைகள், 2004 சுனாமியன்று கடலில் இருந்தாரா என்று கேட்டால் ஆண்டு தானாகக் கிடைக்கும். 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது பாசி எடுப்பவர்களின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் அவர் எங்கே போனார் என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது.

தொழிலின் சொற்களை அப்படியே எழுதுங்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்வதைக் கடற்பாசி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், எதை எடுப்பது, எதை விடுவது என்று அறிந்திருந்த அவருடைய அறிவு மறைந்துபோகும். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது 2015இல் கிடைத்ததை ஒட்டிப் பத்திரிகைகளில் வந்தவற்றைத் தேடிப் படித்தால், இந்தத் தொழிலைப் பற்றி என்னென்ன கேட்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

அவர் கையால் செய்தவற்றுக்கு நூலில் தாராளமாக இடம் கொடுங்கள். அத்தை முடைந்த கொட்டான்களில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதன் அடிப்பாகம் சாயமிடாத குருத்தோலை. மேலே நான்கு விரற்கடைக்குச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வருகின்றன. விளிம்புக்கு அருகில் ஓரிடத்தில் மட்டும் பச்சை தீர்ந்துபோய் ஒரு நீல ஓலை ஓடுகிறது. முடைவது தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எங்கே தொடங்கினார், எங்கே முடிச்சை மறைத்தார் என்று கேட்டு, அவர் சொன்னதை முழுப் பக்கம் எழுதினோம். என் பார்வையில் அந்த நூலிலேயே சிறந்த பக்கம் அதுதான்.

பாட்டுகளை இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். ஒரே தாலாட்டை இரண்டு மகள்கள் இரண்டு விதமாகப் பாடினால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றில் பழைய புகைப்படங்கள் விரைவில் கெட்டுப்போகின்றன. சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

எதை விடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். தேசியப் பூங்காவான தீவுகளின் பக்கம் போனதற்காகக் கட்டிய அபராதம், கடன், வீட்டுச் சண்டை ஆகியவை அவர் வாழ்க்கையின் பகுதிகளே என்றாலும், அவற்றில் உயிரோடு இருக்கும் தோழிகளின் பெயர்களும் வரும். அவர்களிடம் கேட்காமல் அச்சிடுவது நியாயமில்லை. நாங்கள் கேட்டோம், இருவர் சம்மதிக்கவில்லை, அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், எழுதியதை அந்தப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, முகக்கண்ணாடி மாட்டி, பத்து விரல்களுக்கும் துணி சுற்றிக்கொண்டு அத்தை கடலில் இறங்குவார் என்று நான் படித்தபோது, ஓர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “கட்டவெரலுக்கு அவ துணி சுத்த மாட்டாப்பா. பாறையத் தடவிப் பாக்க அந்த வெரலு வேணும்னுவா.” எட்டு விரல்கள் என்று திருத்தி, காரணத்தையும் அவர் சொன்னபடியே சேர்த்துக்கொண்டோம்.