வலிப்பு வந்தவர் மோட்டார் சைக்கிள் ஓடலாமா: திறப்பைத் திரும்ப வாங்கும் வழி

எனக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது 23. இப்போது 44. இடையில் மூன்று தரம் மோட்டார் சைக்கிளை விட்டேன், மூன்று தரம் திரும்ப எடுத்தேன். மட்டக்களப்பு ஆரையம்பதியில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. அங்கே யாராவது ஒருவர் ஆள் குறைந்த நேரம் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணன், எனக்கும் அந்த வருத்தம்தான். ஓடலாமா?" என்று கேட்பார். ஓடலாம், ஆனால் இன்றைக்கு இல்லை என்பேன். என்றைக்கு என்று கணக்குப் பார்க்க நான் பிடித்த முறையைச் சொல்கிறேன்.

முதல் வேலை, வலிப்பு வந்த அன்றைக்கே வண்டித் திறப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வைகாசி, கண்ணகி அம்மன் சடங்கு. இரண்டு இரவு கோயிலிலேயே கண் விழித்துக் கிடந்தேன், வலிப்புக் குளிசை கிரான்குளத்தில் வீட்டில் கிடந்தது. கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்து காலையில் கல்லடிக்கு வெளிக்கிட்டேன். நாவற்குடா வந்தது ஞாபகம். றப்பர் கருகுகிற மாதிரி ஒரு மணம் வந்தது. அப்புறம் கண் திறந்தால் றோட்டோர மணலில் கிடக்கிறேன், மேலே பத்துப் பதினைந்து முகம். வலது கைக்குள் ஏதோ குத்துகிறது. விரித்துப் பார்த்தேன், என்னுடைய மோட்டார் சைக்கிள் திறப்பு. வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று யாரோ வண்டியிலிருந்தே அதைப் பிடுங்கி என் கைக்குள் திணித்திருக்கிறார்கள். திறப்பின் பல் உள்ளங்கையில் இரண்டு நாள் பதிந்து கிடந்தது.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அது தானாக அடங்கும். ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. சரி, அது வேறு கதை. எதிரே ஓர் அம்மா பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். என் வண்டி அவருக்கு நாலு முழம் இப்பால் விழுந்ததாம். அன்று பின்னேரம் திறப்பை மனைவியிடம் கொடுத்தேன். நானே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் மூன்றாம் நாள் எடுத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, நாளைக் குறியுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கடைசி வலிப்பின் தேதியை எழுதி, அதிலிருந்து எண்ணுங்கள். எதை வலிப்பென்று கணக்கில் எடுப்பது என்பதில்தான் பலர் தங்களையே ஏமாற்றுகிறார்கள். விழுந்து அடித்தால் மட்டும் வலிப்பு இல்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்த்து, வாயைச் சப்பி, கூப்பிட்டால் கேட்காமல் அரை நிமிடம் நிற்பதும் வலிப்புத்தான். விடியக் கை வெட்டி இழுத்துத் தேத்தண்ணிக் கோப்பை விழுவதும் அந்த வகையாக இருக்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறவர் 20 நொடி வெறித்துப் பார்த்தால் வண்டி ஆளில்லாமல் 220 மீற்றர் போயிருக்கும். இப்படி வந்து போவது நமக்கே தெரியாது, பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டு எழுதுங்கள். நான் "ஒன்றும் வரவில்லை" என்று சொன்ன ஒரு மாதத்தில் மனைவி இரண்டு தரம் கண்டிருந்தாள்.

எத்தனை மாதம்? பிரித்தானியாவில் வலிப்பு நோய் உள்ளவர் கார் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட, பொதுவாக 12 மாதம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். தூக்கத்தில் மட்டும் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனா 1994இல் 12 மாதத்தை 3 ஆகக் குறைத்தது. அதன் பிறகு வலிப்பால் வந்த விபத்து சொல்லும்படி கூடவில்லை என்று ஆய்வு வந்தது. அதை ஒரு தம்பி என்னிடம் காட்டி, "பாருங்க அண்ணன், மூன்று மாதம் போதும்" என்றார். அமெரிக்காவில் ஓடுவது பெரும்பாலும் கார், பெல்ட் போட்டுக்கொண்டு. நாம் இரண்டு சில்லில், ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் மாடு. நான் 12 மாதத்தில்தான் நிற்கிறேன்.

மறுகா டொக்டரிடம் போங்கள். கிளினிக்கில் சனம் நெரியும், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்: எனக்கு எந்த வகை வலிப்பு, ஏன் வருகிறது, நான் ஓடலாமா, மருந்தை மாற்றினால் எத்தனை மாதம் ஓடாமல் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. குளிசையைக் குறைக்கும் காலம்தான் வலிப்புத் திரும்பக்கூடிய காலம். பிரித்தானியாவில் குறைக்கும்போதும், நிறுத்திய பின் ஆறு மாதமும் ஓட வேண்டாம் என்கிறார்கள். 2022இல் இங்கே பெற்றோலும் இல்லை, குளிசையும் இல்லை. ஒன்றைப் பாதியாக உடைத்து விழுங்கிய ஆட்களை எனக்குத் தெரியும். கியூஆர் அட்டைப் பங்கீடு வந்து பெற்றோல் கிடைத்ததும் அவர்கள் வண்டியை எடுத்தார்கள். நான் அந்த வருடம் முழுக்க எடுக்கவில்லை.

லைசன்ஸுக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது வருத்தத்தைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மறைத்து எடுத்தால் விபத்தன்று அந்தப் பொய்யும் உங்களோடு றோட்டில் விழும்.

கூலிக்கு ஓட்டோ, வான், பஸ் ஓடுகிறவர்களுக்கு என் பதில் கசக்கும். 12 மாதம் போனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பிரித்தானியாவில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் 10 வருடம் குளிசையும் இல்லாமல், வலிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்டோ அந்தக் கணக்கில் வராது, எனக்கும் தெரியும். ஆனால் பின்னால் இருக்கிறவர்கள் உங்கள் வருத்தம் தெரிந்து ஏறவில்லை. ஓட்டோவை விற்று வீட்டுக்கு முன்னால் கடை போட்ட ஒருவர் என்னோடு எட்டு மாதம் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார்.

ஓடாத மாதங்களைக் கடத்த பஸ் இருக்கிறது. கல்முனை வீதியில் கஷ்டமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தால் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் வேலையை ஒத்துக்கொள்ள வேண்டும். மிதிபலகையில் நிற்காதீர்கள். குருமன்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறினால் ஓரத்தில் நிற்காதீர்கள். சைக்கிளுக்கு லைசன்ஸ் தேவையில்லைதான், அதற்காக வாவிக்கரை வழியே மிதித்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

12 மாதம் முடிந்து, டொக்டரும் தலையாட்டினால் திறப்பைக் கேளுங்கள். முதல் கொஞ்சநாள் பகலில் மட்டும், பின்னால் பிள்ளையை ஏற்றாமல். திருவிழா விழிப்பு, காய்ச்சல், குடி, தவறிய குளிசை, இதில் ஒன்று இருந்தால் அன்று வண்டி இல்லை. எங்கள் வீட்டில் மனைவி காலையில் குளிசை அட்டையை எண்ணிவிட்டுத்தான் திறப்பைத் தருவாள். நேற்றிரவு ஒன்றை மறந்துபோனேன். இன்று பஸ்ஸில்தான் வந்தேன், கடை திறக்க எட்டரை ஆகிவிட்டது.