அறை உறுதியான மெயில் ஸ்பேமில் விழுவது ஏன்? கடலோர விடுதிகளும் கடைகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வரும் குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே அறை பதிவு செய்துவிடுகின்றன. விடுதியின் இணையதளம் அந்த நிமிடமே உறுதி மெயிலை அனுப்புகிறது. அது ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்டால், 30 நாள் கழித்து ஜிமெயிலே அதை அழித்துவிடும். அதாவது, பயணத்துக்கு முந்தைய வாரம் ஸ்பேமில் தேடினாலும் கிடைக்காது. பணம் கட்டியும் பதில் வராததால், "ஏமாந்துட்டோமோ" என்று பயந்து வேறு இடத்தில் அறை எடுத்தவர்கள் உண்டு. விடுதிக்காரரோ பூட்டி வைத்த அறையோடு விடியும்வரை காத்திருப்பார்.

மண்டபத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவர், பாம்பனிலிருந்து கருவாடு அனுப்புபவர், சாயல்குடிக் கருப்பட்டியையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயையும் இணையத்தில் விற்பவர் என்று எல்லோருக்கும் இதே சிக்கல் வருகிறது. வந்தவுடன் பலரும் செய்வது மெயிலின் வாசகத்தைத் திருத்துவது. "தள்ளுபடி" என்ற சொல்லை எடுக்கிறார்கள், ஆச்சரியக்குறியைக் குறைக்கிறார்கள். அதனால் பெரிய பலன் இருக்காது. மெயிலைப் பெறும் ஜிமெயிலும் யாகூவும் அவுட்லுக்கும் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை: இதை அனுப்பியது உண்மையிலேயே மெயிலில் காட்டும் டொமைன்தானா (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்)? அந்த டொமைனிலிருந்து இதற்கு முன் வந்த மெயில்களை மக்கள் எப்படி நடத்தினார்கள்? கீழே உள்ள தவறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைக் கெடுப்பவை.

தளம் இருக்கும் சர்வரிலிருந்தே மெயில் அனுப்புவது

வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் தளம் அமைத்து அப்படியே விட்டுவிட்டால், மெயில்கள் ஹோஸ்டிங் சர்வர் வழியாக, பெரும்பாலும் எந்தக் கையொப்பமும் இல்லாமல் கிளம்பும். மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் எவனோ ஒருவனின் தளம் ஹேக் ஆகி ஸ்பேம் கக்கினால், அந்த ஐபி ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறும். அதே ஐபியில் இருக்கும் உங்கள் மெயிலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இதற்கு வழி, ஒரு எஸ்எம்டிபி பிளகின் (மெயிலை வெளிச் சேவை வழியாக அனுப்ப வைக்கும் கூடுதல் நிரல்) போட்டு, மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள சேவை ஒன்றின் வழியாக அனுப்புவது. அமேசான் எஸ்இஎஸ், பிரெவோ, ஸோஹோவின் ஸெப்டோமெயில் எல்லாம் அந்த வகை. சிறு விடுதிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் இன்று செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

விசாரிப்புப் படிவத்தில் வாடிக்கையாளர் முகவரியையே அனுப்புநராகப் போடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. ஒருவர் உங்கள் தளத்தில் தன் யாகூ முகவரியைப் போட்டு, "22 தீர்த்தமும் ஆடிவிட்டு மதியம் அறையைக் காலி செய்யலாமா?" என்று கேட்கிறார். பதில் எழுதுவது எளிதாக இருக்கட்டும் என்று, அந்த மெயில் அவரே அனுப்பியதுபோல உங்களுக்கு வரும்படி படிவத்தை அமைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் சர்வருக்கு யாகூவின் பெயரில் மெயில் அனுப்ப எந்த உரிமையும் இல்லை. தன் பெயரில் வெளியாள் அனுப்பும் மெயிலை ஏற்காதீர்கள் என்று யாகூ 2014 ஏப்ரலிலேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டது. ஜிமெயிலும் தன் பெயரைப் போலியாகப் போடக்கூடாது என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆகவே அந்த விசாரிப்பு உங்களுக்கு வந்தே சேராது. கேட்டவர் உங்களைப் பதில் சொல்லாத விடுதி என்று நினைத்துக்கொள்வார்.

அனுப்புநர் இடத்தில் எப்போதும் உங்கள் டொமைன் முகவரியே இருக்கட்டும். வாடிக்கையாளர் முகவரி 'ரிப்ளை-டூ' என்ற இடத்துக்குப் போகட்டும். நீங்கள் பதில் என்று அழுத்தினால் அது அவருக்கே போகும்.

அதே படிவத்தில் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்ற தானியங்கி மெயிலும் வைத்திருந்தால், நிரப்புபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா போன்ற தடுப்பு கட்டாயம் வேண்டும். பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) முன்பின் தெரியாதவர்களின் முகவரிகளை அதில் நிரப்பும். கேட்காத ஆளுக்கு உங்கள் தளம் நன்றி சொல்லும். அவர் அதை ஸ்பேம் என்று அழுத்துவார், அந்தப் புகார் உங்கள் டொமைன் பெயரில் ஏறும்.

டிஎன்எஸ்-இல் நடக்கும் குளறுபடிகள்

டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைனுக்கான அமைப்புகளைப் பதிவு செய்து வைக்கும் இடம். அதில் மூன்று பதிவுகள் தேவை. எஸ்பிஎஃப் என்பது, உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம். டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லி வைக்கும் விதி.

எஸ்பிஎஃப்-இல் அடிக்கடி நடப்பது, ஒரே டொமைனுக்கு இரண்டு பதிவுகள் இருப்பது. தளத்தை முதலில் ராமநாதபுரத்தில் ஒருவர் செய்திருப்பார், பிறகு மதுரையில் ஒருவர் கைக்கு மாறியிருக்கும். இவர் பழையதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று சேர்த்திருப்பார். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அனுமதிகள் அனைத்தையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ்-ஐத் தேட வேண்டியிருந்தாலும் அது தோல்விதான். ஆகவே விட்டுவிட்ட பழைய சேவைகளின் பெயர்களை நீக்கிவிடுங்கள்.

டிகிம் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவியை டிஎன்எஸ்-இல் ஒட்டும்போது பாதியில் வெட்டுப்படுவது சகஜம். 2048 பிட் சாவி, டிஎன்எஸ்-இன் ஒரு துண்டுக்கு உரிய 255 எழுத்தைத் தாண்டிவிடும். சில பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் பிரித்துப் போட வேண்டும்.

டிமார்க்கில் இரண்டு கவனம். எஸ்பிஎஃப் தேறினால் மட்டும் போதாது, தேறிய டொமைனும் 'ஃப்ரம்' முகவரியில் தெரியும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். மெயில் சேவை தன் சொந்த டொமைனில் தேறிவிட்டு உங்கள் பெயரைக் காட்டினால் டிமார்க் கணக்கில் அது தோல்வி. அந்தச் சேவையில் உங்கள் டொமைனுக்கே டிகிம் அமைத்துவிட்டால் இது தீரும். இரண்டாவது, எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) போடாதீர்கள். முதலில் 'நன்' (none, எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். பில் அனுப்பும் மென்பொருள் போல நீங்கள் மறந்தே போன ஏதோ ஒன்று உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும்.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. உங்கள் தளத்திலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு பதிவு மெயில் வரவழையுங்கள். மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' இருக்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டிலிருந்து முகவரி எடுப்பது

ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பல வருடத்துப் பதிவேட்டைப் பிரித்து, கையெழுத்தில் இருந்த முகவரிகளை எல்லாம் தட்டச்சு செய்து ஒரே நாளில் சலுகை மெயில் அனுப்புவது. நம் பக்கத்தில் இதைவிடச் சேதம் செய்யும் பழக்கம் வேறில்லை என்றே நினைக்கிறேன். பாதி முகவரியில் எழுத்துப்பிழை இருக்கும், மெயில் திரும்பி வரும். சில முகவரிகளை உரியவர்களே கைவிட்டிருப்பார்கள். மீதிப் பேருக்கு உங்களை நினைவிருக்காது, அவர்கள் சலுகை கேட்கவும் இல்லை. வருடம் முழுவதும் நாளுக்குப் பத்து மெயில் அனுப்பிய டொமைன் திடீரென்று ஆயிரக்கணக்கில் அனுப்பினால், அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியுள்ளன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழ் இருப்பது நல்லது என்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே எல்லை வந்துவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும், விலகக் கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். அவுட்லுக்கும் 2025 மே மாதம் இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. 5000 நமக்கு எட்டாத எண் என்று விட்டுவிட வேண்டாம். விலகும் வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார், அது ஐம்பது மெயில் அனுப்பும் கடைக்கும் பொருந்தும்.

காசு கொடுத்து முகவரிப் பட்டியல் வாங்கவே வேண்டாம். பதிவு செய்யும்போது "திருவிழாக் காலச் சலுகைகளை அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அதிலும் உறுதி மெயிலும் சலுகை மெயிலும் ஒரே முகவரியிலிருந்து போகக் கூடாது. சலுகைக்கு ஒரு துணை டொமைன் வைத்துக்கொண்டால், அதற்கு வரும் புகார் அறை உறுதி மெயிலை அந்த அளவுக்குப் பாதிக்காது.

உள்ளடக்கம்

இதில் சொல்லச் சில விஷயங்களே உள்ளன. எழுத்தே இல்லாமல் ஒரே படமாகச் செய்த போஸ்டரை அனுப்பாதீர்கள். சுருக்கிய இணைப்புகளைத் தவிருங்கள், ஸ்பேம் அனுப்புபவர்கள் அவற்றைப் பாழாக்கிவிட்டார்கள். தமிழில் தலைப்பு வைக்கத் தயங்க வேண்டாம். பழைய பிஎச்பி நிரல்கள் சில தமிழ்த் தலைப்பை முறைப்படி குறியாக்கம் செய்யாமல் அனுப்பும், அங்கேதான் எழுத்து உடைந்து குப்பையாகத் தெரியும். மேலே சொன்ன பிளகினும் சேவையும் இருந்தால் அது சரியாகிவிடும்.

டொமைன் யார் கையில்?

மேலே சொன்ன எதையும் செய்ய டிஎன்எஸ் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் டொமைன் கணக்கு, தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிறது. அவர் சென்னைக்கோ துபாய்க்கோ போயிருப்பார். இன்றே அவரை அழைத்து, டொமைனை உங்கள் மெயில், உங்கள் கைபேசி எண்ணில் உள்ள கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு எந்த அட்டை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.